பூனைக்கு இரண்டாவது டாக்டர்: எப்போது, எங்கே, என்ன கேட்டுப் போவது?

கேட்டவர் பாளையங்கோட்டை மகாராஜநகரில் இருக்கும் ஒரு தம்பி. அவர் வீட்டில் ஒன்றரை வயது ஆண் பூனை, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனது. பதினைந்து நாளாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. சாப்பாடு குறைந்து இப்போது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. உடம்பு வற்றிவிட்டது, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு போகிறது. காட்டிய டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, "லிவர் போயிட்டு, நாலஞ்சு நாள் தாங்கினா பெரிசு" என்று கையை விரித்துவிட்டார். இன்னொரு டாக்டரிடம் காட்டலாமா, காட்டினால் முதல் டாக்டர் வருத்தப்படுவாரா, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ரிப்போர்ட் எண்களையும் எழுதியிருக்கிறார்.

தம்பி, காட்டலாம். நாளைக் காலையிலேயே காட்டுங்கள். ஆனால் "என் பூனை பிழைக்குமா" என்ற கேள்வியோடு மட்டும் போகாதீர்கள். அதை எத்தனை பேரிடம் கேட்டாலும் ஒருவர் உதட்டைப் பிதுக்குவார், ஒருவர் ஆறுதல் சொல்வார், உங்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "இதற்கு என்ன நோய், அது எதை வைத்து உறுதியானது, இன்னும் உறுதியாகாதது எது" என்று கேளுங்கள். இரண்டாவது டாக்டரிடம் போவதற்குப் பலன் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லிவர் போய்விட்டது என்றால், எதனால் போனது? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதிலே இல்லை. அதனால்தான் போங்கள் என்கிறேன்.

நீங்கள் எழுதிய எண்களுக்கு வருவோம். பிலிரூபின் (மஞ்சள்காமாலையில் ஏறுவது) 2.8, எஸ்ஜிபிடி (லிவர் செல் சிதைந்தால் ஏறுவது) 62, கிரியேட்டினின் 1.5, மொத்தப் புரதம் 9.2, அல்புமின் 2.1. கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் 'ஹை' என்று அச்சடித்திருந்ததால் கிட்னியும் போய்விட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். அந்த அச்சை நம்ப வேண்டாம். நம் ஊர்களில் பூனை ரத்தமும் பெரும்பாலும் மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போகிறது. ரிப்போர்ட்டின் வலதுபக்கம் இருக்கும் 'நார்மல்' அளவு மனிதனுடையது. பூனைக்கு 1.5 பயப்படுகிற அளவு இல்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் அப்படித்தான். பூனையின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மிஷின் அதை எண்ணத் தெரியாமல் குறைவாகக் காட்டும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும். தட்டணு குறைவு என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. மொத்தப் புரதம் 9.2இல் அல்புமின் 2.1ஐக் கழித்தால் குளோபுலின் 7.1. அல்புமினைக் குளோபுலினால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 0.3 வரும். லேப்காரர் இந்த வகுத்தலைப் போடவில்லை. பூனையில் இந்த விகிதம் 0.4க்குக் கீழே இருந்து, கூடவே விடாத காய்ச்சல், வயிற்றில் நீர், இளம் வயது எல்லாம் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது எஃப்ஐபி என்கிற நோயை, பூனைக் கொரோனா வைரஸ் உடம்புக்குள் உருமாறி வருவது அது. 0.8க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் அது இல்லை என்று தள்ளிவிடலாம். பிலிரூபின் ஏறியிருக்கிறது, ஆனால் எஸ்ஜிபிடி பெரிதாக ஏறவில்லை. லிவர்தான் மூலகாரணம் என்று இந்த எண்கள் அடித்துச் சொல்லவில்லை. எஃப்ஐபியிலும் கண், ஈறெல்லாம் மஞ்சளாகும்.

எண்ணைப் பார்த்து உங்கள் பூனைக்கு எஃப்ஐபி என்று நான் தீர்ப்பு எழுதவில்லை, அப்படி எழுதுகிறவரை நம்பவும் செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது என்ன நீர் என்று யாராவது ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டாவது டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "சார், வயித்துல இருக்க தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணலாமா?" சின்ன ஊசி போதும். அநேகமாக மயக்க மருந்தே வேண்டியிருக்காது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுத்தால் இன்னும் நல்லது.

எஃப்ஐபி நீர் பெரும்பாலும் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். கையுறை போட்ட விரலிடையில் வைத்து இழுத்தால் நூல் வரும். செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு, ரிவால்ட்டா என்று பெயர். சோதனைக்குழாயில் ஏழெட்டு மில்லி டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு வெள்ளை வினிகர், நன்றாகக் கலக்க வேண்டும். அதன்மேல் வயிற்று நீரில் ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு கரைந்து காணாமல் போனால் எஃப்ஐபி இல்லை என்று ஏறக்குறைய நம்பலாம். கரையாமல் மேலேயே தொங்கினாலோ, சொறிமீன் மாதிரி உருக்குலையாமல் மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்த உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. வயிற்றுக்குள் சீழ் பிடித்திருந்தாலும், லிம்போமா என்ற புற்றுநோயிலும் பாசிட்டிவ் வரும். அதனால் அதே நீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வசதி இருந்தால் பிசிஆருக்கும் அனுப்பலாம். பூனை சண்டையிலோ வண்டியிலோ அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மூத்திரப்பை கிழிந்து வயிற்றில் மூத்திரம் தேங்கியிருக்கலாம். நீரில் இருக்கும் கிரியேட்டினினை ரத்தத்தோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், எஃப்ஐபியைப் பற்றி டாக்டர்கள் படித்ததும் இன்றைய நிலைமையும் ஒன்றல்ல. நாங்கள் படித்த காலத்தில் எஃப்ஐபி என்றால் சாவு, அவ்வளவுதான். 2019இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழு, ஜிஎஸ்-441524 என்ற மருந்தை இயற்கையாக நோய் வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்து, பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைத்துக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கின்றன. கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடம்புக்குள் போய் இதே மருந்தாகத்தான் மாறுகிறது. அதையும் மோல்னுபிராவிர் என்ற இன்னொரு வைரஸ் மருந்தையும் கால்நடை டாக்டர்கள் பூனைக்குப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான கெடு 84 நாள். பொருந்தினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், இரண்டு வாரத்தில் வயிறு வடியும். இந்த மாற்றம் எல்லா டாக்டரையும் எட்டியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதில் குற்றம் சொல்லவும் ஒன்றுமில்லை. நம் பக்கம் இன்னும் மாட்டாஸ்பத்திரி என்றுதானே சொல்கிறோம். நானும் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். காலையில் சினை ஊசி, அப்புறம் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, ராத்திரி கன்று போட முடியாமல் தவிக்கிற பசு. பூனை எப்போதாவது கட்டைப்பையில் வரும். மாட்டைத் தொட்டே சொல்லிவிடுகிற கை, பூனையிடம் தடுமாறுவது உண்டு. பூனை நோயை மறைக்கும் பிராணி, கடைசிவரை மறைக்கும். நிறையப் பூனை பார்த்த கண் வேறு.

மருந்தளவை இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். நோயின் வகையையும் எடையையும் பொறுத்து அது மாறும். வாராவாரம் எடை பார்த்து அளவை ஏற்றவும் வேண்டும். பெயர் ஒட்டாத குப்பிகளை யாரோ பார்சலில் அனுப்புகிறார்கள் என்று வாங்கி வீட்டிலேயே குத்தாதீர்கள். செலவு கையைக் கடிக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் நாளே டாக்டரிடம், "இந்த எடைக்கு 84 நாளைக்கு மொத்தம் எவ்வளவு சார் ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிட வாய்ப்பு அதிகம், போட்ட பணமும் வீண்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012இல் வந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே மருத்துவம், அறுவை, நோய்க்குறியியல் என்று துறை துறையாக ஆள் இருப்பதால் ஒரு பூனையை நாலு பேர் பார்ப்பார்கள். பயிற்சி டாக்டர்கள்தான் முதலில் வந்து கேள்வி கேட்பார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் மூன்று முறையும் பதில் சொல்லுங்கள். மூன்றாவது முறை சொல்லும்போதுதான் நாம் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வரும். கூட்டமும் நாய் சத்தமும் இருக்கும், பூனைக்கு அது ஆகாது. கூடை மேல் துண்டு போட்டு மூடி, முறை வரும்வரை வெளியில் நிழலில் வைத்திருங்கள்.

சென்னை வேப்பேரியில் இருக்கும் கல்லூரி 1903இல் தொடங்கியது, பெரிய இடம், சந்தேகமில்லை. ஆனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். வயிற்றில் நீரோடு, சாப்பிடாமல் கிடக்கிற பூனையை அவ்வளவு தூரம் கொண்டுபோவதே அதற்கு ஒரு நோய். மதுரையோ திருவனந்தபுரமோ ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர்தான், அதைக்கூட அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் பயணம் போகட்டும், பூனை வீட்டில் இருக்கட்டும். பூனைகளையே அதிகம் பார்க்கிற வெளியூர் டாக்டரிடம் எண்களையும் படங்களையும் முதலில் அனுப்பி, நேரில் கொண்டுவருவதால் புதிதாக என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். எஃப்ஐபி என்றால் அவர் அங்கிருந்து வழி சொல்ல, இங்கே உள்ளூர் டாக்டரே ஊசி போடலாம். பயணம் தவிர்க்கவே முடியாது என்றால் விடியுமுன் கிளம்புங்கள். பகல் வெயிலில் கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் காரை நிறுத்தி ஜன்னலை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கூடை மேல் இன்னொன்றைக் கவிழ்த்துக் கட்டினாலே போதும், ஆனால் மடியில் வைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

அப்புறம், முதல் டாக்டர் விஷயம். வருத்தப்படுவாரா என்றால், ஒருசிலர் முகம் சுளிக்கலாம். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கெல்லாம் சந்தேகமான கேஸை இன்னொருவர் பார்த்தால் பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. சொல்லாமல் போய்விட்டு மறைப்பதுதான் கெடுதல், மருந்து மருந்தோடு மோதும். நேரில் போய், "சார், மனசு கேக்கல, ராமையன்பட்டியில ஒரு தடவ காட்டிட்டு வந்துருதேன். இதுவர போட்ட மருந்தெல்லாம் ஒரு சீட்டுல எழுதித் தாங்க" என்று கேளுங்கள். தர மாட்டேன் என்று சொல்கிறவர் குறைவு. அந்தச் சீட்டில் ஊசிகளின் பெயர், அளவு, தேதி, அன்றைய எடை, அன்றைய காய்ச்சல் எல்லாம் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு போட்டாரா என்று தனியாகக் கேளுங்கள், டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் இந்த மாதிரி. ஸ்டீராய்டு போட்டால் ஒருநாள் இரண்டுநாள் பூனை எழுந்து சாப்பிடும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் லிம்போமாவாக இருந்தால் அது சோதனையில் சிக்காமல் ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்த படம் உதவாது. கம்ப்யூட்டரில் இருக்கும் அசல் படத்தையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டரிடம் முதல் டாக்டரைக் குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அவர் அந்தப் பேச்சுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், பூனை கூடையிலேயே கிடக்கும்.

இன்னொன்று, யாரிடம் காட்டினாலும் பதிவு பெற்ற டாக்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பல வருஷமாக ஊசி போடுகிறார் என்பது படிப்பு ஆகாது.

இடையில் பூனை பட்டினி கிடக்கக் கூடாது. பூனை நாலைந்து நாள் சாப்பிடாமல் கிடந்தாலே லிவரில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம். நெத்திலியோ சாளையோ உப்பு, மஞ்சள் போடாமல் அவித்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக மூக்கின் பக்கத்தில் வையுங்கள். வாசனைக்கு நக்கினாலும் லாபம். வாயைப் பிளந்து பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். முற்றிலும் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ டியூப் வைத்து உணவு கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டியூப் என்றதும் நம் ஆட்கள் பதறிப்போய், சித்திரவதை செய்ய வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார்கள். பசியோடு கிடப்பதுதான் பெரிய சித்திரவதை. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதைப் புகட்டுகிற போராட்டத்திலேயே பாதி உயிர் போய்விடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. மனிதனுக்குக் கொடுக்கிற ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. எல்லா நோயிலும் ஆற அமர இரண்டாவது டாக்டரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் அடைப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது, திடீரென்று பின்னங்கால் இரண்டும் செத்துப்போய்ச் சில்லிட்டுக் கிடப்பது, நிற்காத வலிப்பு, இதற்கெல்லாம் எந்த டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் அந்த நிமிஷமே போக வேண்டும். கருத்து கேட்பதெல்லாம் பிறகு. தம்பி, உங்கள் பூனைக்கும் இது பொருந்தும். அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் சரி. நாற்பதைத் தாண்டினால் நெஞ்சிலும் நீர் கோத்திருக்கலாம். காலைவரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு டாக்டரும் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடி ஓடாதீர்கள், ஓட்டெடுப்பு நடத்தி நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சோதனை செய்தால் இந்தச் சந்தேகம் தீரும் என்று இருவரையும் கேட்டு, அந்தச் சோதனைக்குப் பணத்தைச் செலவிடுங்கள். இரண்டாமவரும் நீரை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான், கைமீறிவிட்டது என்று ஆதாரத்தோடு சொன்னால் நம்புங்கள். அப்புறம் வலி தெரியாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்று பேசலாம். முடியாது என்ற கட்டம் வந்தால் ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவைப்பதைப் பற்றியும் பேசலாம். வீட்டுப் பெரியவர்கள் பாவம் என்பார்கள். மூச்சுத் திணறித் திணறிச் சாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குப் புண்ணியம் எதுவும் தெரியவில்லை. பணம் புரளாது என்பதும் ஒரு காரணம்தான், அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கையில் இருப்பதற்குள் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் நல்ல டாக்டர்.

கடைசியாக, வீட்டில் இன்னொரு குட்டி இருக்கிறது, அதற்கும் பரவுமா என்று கேட்டீர்கள். எஃப்ஐபிக்கு மூலமான பூனைக் கொரோனா வைரஸ் பல பூனை இருக்கிற வீடுகளில் சாதாரணமாகவே இருக்கும். ஒருசில பூனைகளின் உடம்புக்குள் அது உருமாறி எஃப்ஐபி ஆகிறது. நோயாளிப் பூனையிடமிருந்து நேரடியாக எஃப்ஐபியாகவே தொற்றுவது அபூர்வம். மனிதனுக்கு வராது, நம் கோவிட்டும் இதுவும் வேறு வேறு. குட்டிக்கு மண் தட்டைத் தனியாக வையுங்கள், தினமும் சுத்தம் செய்யுங்கள், வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நாளைக்கு ராமையன்பட்டியில் நீர் எடுத்தால் அதன் நிறத்தையும், ரிவால்ட்டா என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.